காரணம் (குறியீட்டை மட்டும் எழுதவும்)

கூடலூரில் அறை எடுத்திருந்தேன்.
ஜூலை மழை. துவைத்த துண்டு மூன்று நாளாகக் காயவில்லை.
கேள்வித்தாள் கட்டும் ஈரம் குடித்து
பொரிக்காத அப்பளமாய் நெளிந்து கிடந்தது.

மூன்றாண்டுத் திட்டம்.
எட்டாதவர்க்கும் பட்டம் என்று அட்டையில் ஒரு வரி,
கறுப்பு அங்கியில் சிரிக்கும் ஒரு பெண்.
(அவள் இந்த மலைக்காரி இல்லை. விலைக்கு வாங்கிய படம்.)
எட்டியதா என அளப்பது என் வேலை.
இருநூற்றுப் பதினான்கு பெயர்கள்.
அறுபத்தொரு எண்கள் உபயோகத்தில் இல்லை.
ஓர் எண்ணை எடுத்தவர் கோழிக்கடைக்காரர்:
"அந்தப் பொண்ணா? லயத்தையே காலி பண்ணிட்டாங்களே சார்."

கல்லூரி தந்த தாளில்
இடைநின்றோர் பெயருக்கு நேரே
நான்கு, நான்கு, நான்கு.
நான்கு என்றால் ஆர்வமின்மை.
ஏழு வரை உண்டு. ஏழு, 'பிற'.
அதற்கு ஒரு விரற்கடை நீளக் கோடு விட்டிருந்தார்கள்.
பெயரின் முன்னெழுத்து எழுதலாம் அதில்.

சேரம்பாடி. மூன்றாம் டிவிஷன்.
யோகராணி, பி.காம்., இரண்டாம் பருவத்தோடு சரி.
நான்கு.
கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டு
ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தாள்.

"ஆறே முக்கால் பஸ்ஸ விட்டா ஒன்பதரைதான்.
ரோட்டுல ஆனை நின்னா ஆறே முக்காலும் இல்ல."

கோடு போட்ட பதிவேடு. பேரேடு எழுதும் சுத்தம்:
ஜூலை 9. பாறை வளைவு. கொம்பன் ஒன்று. 8.20க்கு இறங்கியது.
ஜூலை 10. அதே கொம்பன்.
ஜூலை 14. குட்டியோடு மூன்று. பஸ் திரும்பிவிட்டது.
ஆகஸ்ட் 2. ஆனை இல்லை. மரம்.

வருகை ஐம்பத்தெட்டு சதவீதம்.
துறைத்தலைவர் அத்தாட்சி கேட்டிருக்கிறார்.
வனச்சரக அலுவலகத்துக்கும் போயிருக்கிறாள்.
வாழைக்கு நஷ்டஈடு உண்டு, சுவருக்கு உண்டு,
உயிருக்கும் ஒரு தொகை உண்டு.
பாடவேளைக்கு இல்லை.

"ஆனை மேல கோவமில்ல சார்.
அதுக்கும் வழிய அடைச்சிட்டாங்கல்ல."
இதை நான் குறிக்கவில்லை. கேள்வியில் இல்லை.

மறுநாள் பிஜு. பணியர் குடியின் முதல் பட்டதாரி,
அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் படமாக வரவேண்டியவன்.
'முடித்தவர்' கட்டத்தில் எப்போதோ டிக் விழுந்துவிட்டது.
சான்றிதழ் இன்னும் பல்கலைக்கழக அலமாரியில்.
பட்டமளிப்புக் கட்டணம் கட்டவில்லை.
இஞ்சி வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்,
பிளாஸ்டிக் தாளைத் தோளில் சுற்றியபடி.

கேள்வி பத்தொன்பது:
திட்டத்தால் உங்கள் தன்னம்பிக்கை, ஒன்று முதல் ஐந்துக்குள்?

"ஐஞ்சு பெருசா, ஒண்ணு பெருசா?"

ஐந்து.

"அப்ப மூணு போட்டுக்கங்க.
இதக் கேக்க உங்களுக்கு நாளைக்கு எவ்வளவு?"

சொன்னேன்.
அவன் சிரித்தது எனக்கா, தொகைக்கா, தெரியவில்லை.
ஜீப் ஹாரன் அடித்தது.

அறைக்கு வந்து நாற்பத்து மூன்று நான்குகளை
அழிரப்பரால் தேய்த்தேன். ஈரத்தாள், இரண்டு இடத்தில் கிழிந்தது.
ஏழு, ஏழு, ஏழு.
யோகராணியின் நோட்டை நகலெடுத்து
ஒன்பதாம் இணைப்பாகச் சேர்த்தேன்.
அதற்கு மேல் வீரம் ஏதும் செய்துவிடவில்லை.

கோயம்புத்தூரில் அரங்கம், பூங்கொத்து, முந்திரி பிஸ்கட்.
'பிற' அளவுக்கு மீறியிருக்கிறது என்றார் புள்ளிவிவரக்காரர்,
நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் இல்லை.
படத்தில் தனி நிறம் கொடுக்க முடியாதாம்.
நெருங்கிய வகையோடு சேர்த்துவிட்டார்.
நெருங்கிய வகை நான்கு.
இணைப்புகள் அச்சுக்குப் போகவில்லை.
முடிவுரை: ஓரளவு வெற்றி.
அதை எழுதியது நான்தான்.

நேற்று விடியலில் ஒரு செய்தி வந்தது:
"சார், ஆறே முக்கால் பஸ்ஸ
ஆறே காலுக்கு மாத்திட்டாங்க.
நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியல.
ரெண்டு வாரம் பாத்துட்டுச் சொல்றேன்.
எழுதி வச்சுக்கங்க."